ஓடும் வண்டி நடுரோட்டில் அணைந்தால் இந்த நீல ஸ்கேனர் உதவுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஏழு பேர் உட்காரும் வண்டி நிற்காத தாமான் (குடியிருப்பு) இல்லை. ஆல்சா, அவான்சா, எக்ஸோரா, வயதான செரீனா. காலையில் பிள்ளைகளை மகாத்மா காந்தி கலாசாலையில் விடவும், விடுமுறையில் ஈப்போவுக்குப் போகவும், லாசா பக்கம் தோட்டத்தில் இருக்கும் தாத்தா பாட்டியைப் பார்த்து வரவும் அதே ஒரு வண்டிதான். பத்து வயதைத் தாண்டிய இந்த வண்டிகளுக்கு வரும் ஒரு நோய் எல்லாருக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணையும். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் சமர்த்தாகப் பற்றிக்கொள்ளும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே மணிக்கணக்கில் ஓடும். "பிளக் மாத்திப் பாப்போம்" என்பார் போமன் (மெக்கானிக்). அடுத்த வாரம் "காயில் மாத்திப் பாப்போம்". அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கரைந்த பிறகும் லிந்தாங் ரோட்டில் வண்டி நிற்கும்.

இதற்காகப் பலர் வாங்குவது ஈஎல்எம் 327 எனப்படும் நீல நிறப் புளூடூத் ஸ்கேனர். கட்டைவிரல் நீளம்தான்; வண்டியில் செருகினால் எஞ்சின் கணினி சொல்வதை ஃபோனில் காட்டும். ஷாப்பியிலும் லசாடாவிலும் இருபது, முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும். எல்லா வண்டிக்கும் பொருந்தும், எல்லாக் கோளாறையும் சொல்லும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம். ஆனாலும் வாங்கலாம் என்பதே எங்கள் முடிவு. திடீரென்று அணையும் வண்டிக்கு இது செய்யும் பெரிய உதவி விளம்பரத்தில் இல்லாத ஒன்று. கோளாறு எண்ணைப் படிப்பது இரண்டாம் பட்சம். எஞ்சின் அணையும் அந்த மூன்று விநாடியில் எது முதலில் செத்தது என்று பதிந்து வைப்பதுதான் இதன் மதிப்பு.

முதலில் எதை வாங்குவது. அசல் ஈஎல்எம் 327 சில்லைச் செய்தது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ். முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டார்கள். அதை அப்படியே உருவி உலகம் முழுக்க நகல்கள் வந்துவிட்டன. 2022-இல் அந்த நிறுவனமும் கடையை மூடிவிட்டது. ஆகவே இன்று இந்த விலையில் கைக்கு வருவது நகல்தான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது பதிப்பு எண். 2.1 என்று எழுதியது 1.5-ஐவிடப் புதியது, நல்லது என்று நினைத்து வாங்குகிறார்கள். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழ். 2.1 என்று விற்பவற்றில் பல பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே தராது. பழைய வண்டிகள் பேசும் கே-லைன் மொழி அவற்றுக்குத் தெரியாது. 1.5 என்ற பதிப்பை எல்ம் நிறுவனம் வெளியிட்டதே இல்லை, அது விற்பவர்கள் வைத்த பெயர். என்றாலும் அந்தப் பெயரில் வருபவை கூடுதலாக வேலை செய்கின்றன. விற்பவரிடம் "உள்ளே பிஐசி 18எஃப்25கே80 சில்லு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி புரிந்து பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாதாரண புளூடூத் நகல் ஐஃபோனோடு இணையாது. வைஃபை வகையோ புளூடூத் 4.0 வகையோ வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. கடவு எண் கேட்டால் 1234 அல்லது 0000. டார்க், கார் ஸ்கேனர் என்ற இரண்டு செயலிகளில் ஏதாவது ஒன்று போதும்; இலவசப் பதிப்பிலேயே தொடங்கலாம்.

அடுத்தது வண்டி. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளைச் சாக்கெட் இருக்கிறது என்பதால் மட்டும் ஸ்கேனர் பேசிவிடாது. மலேசியாவில் விற்ற பழைய வண்டிகள் சிலவற்றில் சாக்கெட்டின் வடிவம் மட்டும் பொது, உள்ளே ஓடுவது தயாரிப்பாளரின் சொந்த மொழி. உங்கள் வண்டியின் அதே மாடல், அதே ஆண்டு வைத்திருப்பவரின் ஸ்கேனரை ஐந்து நிமிடம் வாங்கிச் செருகிப் பார்த்தால் இருபது வெள்ளி மிச்சம்.

இனி முக்கியமான இடம். அந்தச் சாக்கெட்டின் 16-ஆவது துளைக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும், சாவியை எடுத்தாலும் வரும். 4, 5 இரண்டும் எர்த். ஸ்கேனருக்கு உயிர் அங்கிருந்து வருகிறது. எஞ்சின் கணினிக்கோ மெயின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக, இக்னிஷன் சுவிட்ச் சொன்னால்தான் முழு மின்சாரம் போகும். இரண்டுக்கும் வழி வேறு என்பதால், எஞ்சின் அணையும்போது எது கூடச் சேர்ந்து அணைகிறது என்பதே பாதி விடை.

செயலியில் இரண்டே இரண்டு அளவுகளை மட்டும் திறந்து, பதிவை ஓட விடுங்கள்: எஞ்சின் சுழற்சி, வோல்டேஜ். பத்து மீட்டர் வைத்தால் திரை அழகாக இருக்கும், உதவாது. கே-லைன் வண்டியில் தகவல் வேகம் விநாடிக்கு 10,400 பிட்தான். அளவுகள் கூடக் கூட ஒவ்வொன்றும் தாமதமாக வரும், அணையும் கணம் இடைவெளியில் விழுந்துவிடும். கேன் மொழி பேசும் புதிய வண்டியில் இந்தத் தொல்லை குறைவு.

வண்டி அணைந்ததா? உடனே ஸ்கேனரின் விளக்கைப் பாருங்கள். விளக்கும் செத்து, மீட்டர் போர்டும் இருண்டு, ரேடியோவும் நின்றால் சிக்கல் பேட்டரி முனையில் அல்லது பெரிய எர்த் வயரில். பொறி தரும் காயிலும் பிளக்கும் பாவம், அவற்றைத் தொடவே வேண்டாம். விளக்கு எரிகிறது, புளூடூத் இணைப்பும் இருக்கிறது, ஆனால் செயலி "கணினியோடு தொடர்பு இல்லை" என்கிறதா? எஞ்சின் கணினிக்குப் போகும் மின்சாரம் அறுந்திருக்கிறது: இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே, அதன் ஃபியூஸ், அல்லது பின்னால் சொல்லப்போகும் அலாரம்காரர் வேலை. மூன்றாவது வகை: தொடர்பு இருக்கிறது, வோல்டேஜ் ஒழுங்காக இருக்கிறது, சுழற்சி மட்டும் 2,000-இலிருந்து ஒரே வெட்டாகச் சுழிக்கு விழுகிறது, அதுவும் வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே. மேனுவல் கியர் வண்டி என்றால் சந்தேகமே வேண்டாம். சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் கணினிக்கு அது தெரியவில்லை. குற்றவாளி, சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். ஆட்டோ கியரில் எஞ்சினும் விரைவில் நின்றுவிடும் என்பதால் கொஞ்சம் யோசித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். மறுபடி ஸ்டார்ட் அடிக்கும்போது சுழற்சி சுழியிலேயே நின்றால் உறுதி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது நல்ல சென்சார் 200-ஐ ஒட்டி ஏதாவது ஒரு எண்ணைக் காட்டும்.

நான்காவது, சுழற்சி வெட்டாக விழாமல் இழுத்து இழுத்து, திணறித் திணறி இறங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்: பம்ப், அதன் ரிலே, அடைத்த ஃபில்டர். இக்னிஷன் போனால் சாவியைத் திருப்பி அணைத்தது போல அணையும். பெட்ரோல் போனால் அப்படி அணையாது. நாலு முனைச் சந்திப்பில் நிற்கும்போது மட்டும் அணைந்து, ஓடும்போது அணையாத வண்டிக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், கழுவச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் காட்டும் வோல்டேஜில் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று ஸ்கேனரே தன் காலில் அளப்பது. மற்றது எஞ்சின் கணினி தனக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வது. எல்லா வண்டியும் இதைத் தராது. தந்தால் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஸ்கேனர் 14.1 என்கிறது, கணினி 12.6 என்கிறது என்றால் நடுவில் எங்கோ ஒன்றரை வோல்ட் சூடாகப் போகிறது: தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச், கருகிய ரிலே கால். நகலின் அளவு சில சமயம் அரை வோல்ட் வரை தவறும். முதலில் மல்டிமீட்டரால் பேட்டரியை அளந்து, எவ்வளவு பிசகு என்று தெரிந்துகொண்டு பிறகு நம்புங்கள்.

கோளாறு எண்களைப் பற்றிக் கொஞ்சம். பி0335 கிராங்க் சென்சார், பி0340 கேம் சென்சார். பி0301 முதல் பி0304 வரை எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது, பி0351 முதல் பி0354 வரை அந்தந்தக் காயிலின் சர்க்யூட், பி0562 வோல்டேஜ் குறைவு. கிராங்க் சென்சார் விட்டுவிட்டு வேலை செய்யும்போது எண்ணே பதியாமல் போவது சகஜம். கணினியின் கணக்கில் சுழற்சி இல்லை என்றால் நீங்கள் எஞ்சினை அணைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். வண்டி பற்றாமல் நிற்கும் அந்த நேரத்திலேயே ஐந்தாறு விநாடி ஸ்டார்ட் அடியுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சென்சாரிலிருந்து ஒன்றும் வரவில்லை என்பதைக் கண்டால் பி0335 பதிய வாய்ப்பு கூடும். நிலுவை எண்களையும் திறந்து பாருங்கள், விளக்கு எரியாதவை அங்கே ஒளிந்திருக்கும். இன்னொன்று: கோளாறோடு வந்த வண்டியின் பேட்டரி முனையைக் கழற்றி "ரீசெட்" செய்யும் போமனிடம், எண்ணைப் படித்துப் படம் எடுத்த பிறகு செய்யச் சொல்லுங்கள். கழற்றினால் பதிந்தது எல்லாம் போய்விடும்.

இந்த எண்களைப் படித்ததும் காயிலை மாற்றும் அவசரம்தான் அதிகப் பணத்தைத் தின்கிறது. நான்கு சிலிண்டரிலும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியில் ஒன்று செத்தால் எஞ்சின் குலுங்கும், ஏற்றத்தில் இழுக்காது, எஞ்சின் விளக்கு சிமிட்டும். ஆனால் அணையாது, மூன்றில் ஓடும். நான்கும் ஒரே நொடியில் சாவது அபூர்வம். முழுதாக அணைகிறது என்றால் நான்குக்கும் பொதுவான ஒன்று போயிருக்கிறது: மின்சாரம், எர்த், அல்லது கிராங்க் சென்சார். உள்ளுக்குள் ஷார்ட் ஆன ஒரு காயில் பொது ஃபியூஸையே எரித்துவிடுவது உண்டு. அந்த ஃபியூஸைப் பார்த்தால் தெரிந்துவிடும். இக்னைட்டர் (காயிலை இயக்கும் மின்சுவிட்ச்) உள்ளேயே அமைந்த இந்தக் காயில்களை ஓம் மீட்டரால் சோதிக்கவும் முடியாது. முடியும் என்று எண்ணைக் காட்டி விற்பவரிடம் கவனமாக இருங்கள். சந்தேகமான காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பி0302 காட்டியது பி0303 ஆக நகர்ந்தால் காயில் குற்றவாளி. நகரவில்லை என்றால் பிளக், வயர், அல்லது இன்ஜெக்டர்.

ஸ்கேனரோடு சேர்த்து வாங்க வேண்டியது ஒரு மல்டிமீட்டர், முப்பது வெள்ளி மஞ்சள் நிறத்ததே போதும். இது இல்லாமல் ஸ்கேனர் பாதிக் கருவிதான். இரவு முழுக்க ஓடாமல் நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஏசி, பெரிய விளக்கு, வைப்பர் எல்லாம் போட்டு எஞ்சின் ஓடும்போது 13.5-க்குக் குறைந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். மழை இரவில் அணையும் வண்டிக்கு இந்த ஒரு அளவு பல வாரத் தேடலை முடித்துவிடும்: 13, 12, 11 என்று இறங்கி, மீட்டர் போர்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, எஞ்சின் உதறிச் சாகும். டயோடு போன ஆல்டர்னேட்டரைக் கண்டுபிடிக்க மீட்டரை ஏசி (மாறுமின்சார) வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் டயோடு போயிற்று. ஆனால் மலிவு மீட்டர் சிலது நேர்மின்சாரத்தையும் ஏசியாக எண்ணி இருபத்தைந்து முப்பது என்று காட்டும். கம்பிகளை மாற்றிப் பிடித்ததும் சுழி என்றால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு பேட்டரியில் வைக்காதீர்கள், தீப்பொறி பறக்கும்.

எர்த் சோதனைதான் எல்லாரும் தாண்டிப்போவது. மீட்டரின் ஒரு கம்பி பேட்டரி நெகட்டிவ் ஈயத் தலையில், மற்றது எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில். ஒருவர் ஸ்டார்ட் அடிக்கட்டும். 0.2, 0.3 வோல்ட் என்றால் நல்லது. 0.5-க்கு மேல் என்றால் எர்த் வயரின் முனையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். செலவு இல்லை. செம்மண் சாலையில் ஓடும் வண்டிகளில் எர்த் முனையில் சேறு ஏறி, காய்ந்து, ஈரம் கோத்து, உள்ளே பச்சை பிடித்திருப்பது வழக்கம். வெளியே பார்த்தால் வயர் புதிதுபோல் இருக்கும்.

பொறியைச் சோதிக்கும் ஸ்பார்க் டெஸ்டரில், பத்து வெள்ளிக்கு விற்கும் விளக்கு வகை அவ்வளவு பயன் தராது. பலவீனமான பொறிக்கும் அந்த விளக்கு எரியும். இடைவெளியைத் திருகி மாற்றும் வகை நல்லது. பொறி எவ்வளவு தூரம் தாவுகிறது என்று தெரியும். எதை வைத்துச் சோதித்தாலும் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிய பிறகு செய்யுங்கள், பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். காயிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்கச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல்லாயிரம் வோல்ட், அதோடு பொறி போக வழியில்லாமல் சுடும் காயிலில் இக்னைட்டர் கருகும்.

ஸ்கேனர் வழியைக் காட்டியபின் கண்ணால் தேட வேண்டிய இடங்கள் நம் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலும் நான்குதான். முதலாவது, கடையில் போட்ட அலாரம். திருடன் ஓட்டிக்கொண்டு போகாதபடி இக்னிஷன் வயரையோ பம்ப் வயரையோ வெட்டி, நடுவில் ஒரு மலிவு ரிலேயைச் சேர்த்து, முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி டாஷ்போர்டுக்குள் திணித்திருப்பார்கள். பத்து ஆண்டு வெயிலில் டேப்பின் பசை உருகிவிடும், முறுக்கு தளரும். இரண்டாவது வகைச் சாவு, அதாவது ஸ்கேனர் உயிரோடு, கணினி செத்து, என்று தெரிந்தால் முதலில் இதைத் தேடுங்கள். ஓடும்போது டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள வயர்க் கட்டை மெல்ல அசைத்தால் எஞ்சின் விக்கும். டேஷ்கேம், எல்இடி விளக்கு, "வோல்டேஜ் ஸ்டெபிலைசர்" என்று பிறகு ஒட்டியவை எல்லாவற்றையும் சோதனைக்காகக் கழற்றிவிடலாம். அந்த ஸ்டெபிலைசரைத் திரும்ப மாட்டவே வேண்டாம், அது ஒன்றும் செய்வதில்லை.

இரண்டாவது சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, கடைச் சாவி, கோயில் டாலர், பாட்டில் திறப்பான் எல்லாம் தொங்கும் கொத்து குழியில் ஆட ஆட இக்னிஷன் சுவிட்சின் உள்முனை தேயும். எஞ்சின் ஓடும்போது சாவியை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள், வண்டி நின்ற நிலையில் மட்டும்.

மூன்றாவது எலி. செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூடு கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள், அவ்வளவு எலி. எஞ்சின் சூட்டைத் தேடி இரவில் ஏறி, கிராங்க் சென்சார் வயரைக் கொறித்தால், சென்சார் மூன்று முறை மாற்றினாலும் வண்டி அணையும். புதிது வாங்கும் முன் வயரைச் சாக்கெட் வரை விரலால் தடவிப் பாருங்கள்.

நான்காவது எண்ணெய். வால்வ் கவரின் ரப்பர் வளையம் காய்ந்து பிளக் குழிக்குள் எண்ணெய் இறங்கினால் காயிலின் ரப்பர் குழாய் ஊதி மெத்தென்றாகும், பொறி வழி தவறும். எஞ்சினுக்குப் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் குலுங்கினால் அதே குழியில் தண்ணீர்.

கிராங்க் சென்சார் என்று முடிவானால் அசலையே வாங்குங்கள். சூடேறினால் உள்சுருள் அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்வதுதான் இதன் வழக்கமான நோய். அணைந்த நேரத்தில் ஈரத் துணியால் சென்சாரைக் குளிரவைத்ததும் வண்டி பற்றினால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். மலிவு நகல் புதிதாக இருக்கும்போதே சூட்டைத் தாங்காததும் உண்டு. பழைய பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் எடுப்பது ரிலே, சாக்கெட், எர்த் வயர் போன்றவற்றுக்குச் சரி. ஏற்கெனவே பத்து வருடம் வெந்த சென்சாருக்கும் காயிலுக்கும் சரியல்ல. ரிலே சந்தேகம் என்றால் வாங்கும் முன் ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள், கால்களும் அதில் எழுதிய அளவும் ஒன்றாக இருந்தால்.

ஆக, மதிப்பெண் போடுவதென்றால் ஸ்கேனருக்குப் பத்தில் ஏழு. மூன்று குறைத்ததற்குக் காரணம், எது நல்ல நகல் என்று செருகும்வரை தெரியாது, வோல்டேஜ் பிசகும், கியர், ஏபிஎஸ், ஏர்பேக் எண்களைப் பெரும்பாலும் படிக்காது. மல்டிமீட்டருக்கு ஒன்பது. விளக்கு வகை ஸ்பார்க் டெஸ்டருக்கு மூன்று.

ஸ்கேனரைச் செருகியபடியே விட்டுவிடாதீர்கள். எப்போதும் மின்சாரம் வரும் துளையில் இருப்பதால் வண்டி நின்றாலும் அது குடித்துக்கொண்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் மணி. தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால் 40 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு காலி, ஏற்கெனவே பலவீனமான பேட்டரி என்றால் ஸ்டார்ட்டே ஆகாது. பதிவு எடுக்கும் நாளில் மட்டும் செருகுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் ஒருவர் பார்க்கட்டும். கூட்டரசு சாலையில் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மென்மையாக இருக்கும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாகப் பிடித்து, அபாய விளக்கைப் போட்டு, இடது ஓரத்துக்கு வந்த பிறகு ஃபோனைப் பாருங்கள். பதிவு எங்கும் போய்விடாது.